சாந்தாமணி ஓட்டிய சி பிளாக்

வடவள்ளி மேகமலர் அடுக்ககத்தின் சி பிளாக் முதன்முதலாக இடம் பெயர்ந்த அன்று செவ்வாய்க்கிழமை, தண்ணீர் லாரி வரும் நாள். ஆகவே பிளாக் நான்கு கிலோமீட்டர் தள்ளி கணுவாய்ப் பக்கம் ஒரு தென்னந்தோப்பின் நடுவே நிற்கிறது என்பதைவிட, லாரி எப்படி அங்கே வந்து சேரும் என்பதுதான் பதினாறு வீட்டுக்காரர்களையும் முதலில் கவலைப்பட வைத்தது.

அதை ஓட்டிக்கொண்டு போனவள் மூன்றாம் மாடியில் இருந்த சாந்தாமணி. ஆனால் ஓட்டுவதற்கான ஏற்பாடெல்லாம் அவள் வீட்டுக்காரர் மௌலீஸ்வரன் செய்தது, அதுவும் எட்டு மாதமாகச் செய்தது. மோட்டார் பம்ப் கம்பெனியில் விற்பனை மேலாளரான அவரை, சட்டைப் பொத்தான் தெறிக்கும் வயிற்றைப் பார்த்த டாக்டர், “ஏதாவது உடற்பயிற்சி பண்ணுங்க” என்று சொல்லி அனுப்பினார். அந்த ‘ஏதாவது’ எது என்று தேடப் புறப்பட்டவர், ரோட்டில் சைக்கிள் ஓட்டினால் நாய் துரத்தும், புழுதி படியும், தெரிந்தவர்கள் நிறுத்தி விசாரிப்பார்கள் என்று ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வந்து, கடைசியில் பெடல்புரத்தில் போய் நின்றார்.

பெடல்புரம் என்பது இணையத்துக்குள் இருக்கும் ஊர். வீட்டு பால்கனியில் சைக்கிளின் பின்சக்கரத்தைக் கழற்றிவிட்டு ஓர் எந்திரத்தில் மாட்டி, எதிரே திரையை வைத்து மிதித்தால், திரைக்குள் நம் சாயலில் ஓர் ஆள் கடலோரமாகவும் மலைமேலும் போய்க்கொண்டிருப்பான். முன்னால் ஒரு நார்வேக்காரரும் பின்னால் ஒரு நாமக்கல்காரரும் வந்துகொண்டிருப்பார்கள். மிதிக்க மிதிக்க வேர்வைத்துளிகள் என்று புள்ளிகள் சேரும். அந்தத் துளிகளைக் கொடுத்துப் புதுப்புதுச் சைக்கிள்களும் சக்கரங்களும் வாங்கிப் பெடல்புரத்துக் கொட்டகையில் அடுக்கிக்கொள்ளலாம். தொட முடியாத அந்தச் சைக்கிள்களுக்கும் எடை உண்டு, காற்றைக் கிழிக்கும் திறன் உண்டு, ஏற்றத்துக்கு ஒன்று, சமதளத்துக்கு ஒன்று, மண் பாதைக்கு ஒன்று என்று சாதியும் உண்டு. நாற்பத்து மூன்று சைக்கிள்களையும் முப்பத்தாறு சக்கரங்களையும் ஒன்றோடொன்று ஜோடி சேர்த்துப் பார்த்து மௌலீஸ்வரன் ஒரு பட்டியல் தயாரித்தார். கல்யாணத்துக்கு ஜாதகம் பார்த்தபோதுகூட அவர் இவ்வளவு மெனக்கெடவில்லை.

“இந்தப் பருந்து சைக்கிளுக்கு விளிம்பு ஆழமான சக்கரம் போட்டா, ஒரு மணி நேரத்துக்குப் பதினோரு செகண்ட் மிச்சம், சாந்தா” என்றார் ஒருநாள் ராகிக்களி சாப்பிட்டுக்கொண்டே.

“அந்தப் பதினோரு செகண்ட வெச்சு என்னங்க பண்ணுவீங்க?”

“அதுதான் உனக்குப் புரியாது.”

எந்திரம் வந்தது. கீழே விரிக்கப் பாய் வந்தது, முகத்துக்கு நேரே ஃபேன் வந்தது, நெஞ்சில் கட்ட பெல்ட் வந்தது, அடியில் கொக்கி வைத்த ஷூ வந்தது. மூன்று நாள் மிதித்தார். நாலாம் நாள் தொடை பிடித்துக்கொண்டது. தைலம் தேய்த்துப் படுத்தவர், ‘தொடைக்கேற்ற சீட்’ எது என்று தேட ஆரம்பித்தார், அதற்கு இரண்டு மாதம் ஆனது. அதுவரைக்கும் அந்தச் சைக்கிளின் மேல் துண்டுகளும் பாவாடைகளும் காய்ந்தன.

சாந்தாமணிக்கு நாற்பத்து நான்கு வயது. கிரைண்டர் தொழிற்சாலையில் சோதனைப் பிரிவில் வேலை. ஓடவிட்ட கிரைண்டர்களின் நடுவே நடந்துகொண்டே காதால் கேட்பாள், பேரிங் சரியில்லாத கிரைண்டர் நூறு கிரைண்டர் சத்தத்துக்குள்ளும் அவளுக்குத் தனியாகக் கேட்கும், அதன் முதுகில் சாக்பீசால் ஒரு கோடு போடுவாள். அவள் கோடு போட்டால் பொறியாளர்கள் மறுபேச்சுப் பேசாமல் பிரித்துப் பார்ப்பார்கள். அங்கே அவள் சொல்லுக்கு அப்படி ஒரு மதிப்பு. வீட்டுக்கு வந்தால் உப்பு எங்கே, சாக்ஸ் எங்கே, சார்ஜர் எங்கே என்பதைத் தவிர அவளிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை ஐந்தரை மணிக்குக் காய்ந்த துண்டை எடுக்கப் போனவள், துண்டை எடுத்த கையோடு சும்மா ஏறி உட்கார்ந்தாள். திரையில் ஒரு பெண் உருவம் கிடைத்தது. எல்லாருக்கும் இனாமாகக் கொடுக்கும் ஒரு கறுப்புச் சைக்கிளும் கிடைத்தது. மிதித்தாள். யாரும் எதுவும் கேட்கவில்லை. இன்னும் கொஞ்சம் மிதித்தாள். அந்த நிசப்தம் அவளுக்கு அவ்வளவு பிடித்துப்போய், நான்கு கிலோமீட்டர் முடிந்து நிமிர்ந்தபோது பால்கனிக் கம்பிக்குள் ஒரு தென்னங்கீற்று நீட்டிக்கொண்டிருந்தது. அவள் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, கீற்றை விலக்கிவிட்டுக் காபி போடப் போனாள்.

பிளாக் போன வழியில் ரோடு தன்னைக் கொஞ்சம் அகட்டிக்கொண்டது. காம்பவுண்டுச் சுவர்கள் பஸ்ஸில் ஆள் ஏறும்போது முழங்காலை ஒதுக்குவதுபோல ஒதுங்கி, பிறகு பழையபடி நிமிர்ந்துகொண்டன. மின்சார வயரும் தண்ணீர்க் குழாயும் மிட்டாய்ப்பாகு போல இழுபட்டுப் பின்னாலேயே வந்தன. கரண்ட் ஆபீசிலிருந்து வந்தவர் வயரை நுனி விரலால் சுண்டிப் பார்த்து, இழுவை சரியாகத்தான் இருக்கிறது, ஆனால் முகவரி மாற்றத்துக்கு மூன்று பிரதிகளில் விண்ணப்பிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். தோப்புக்காரர் வந்து சுற்றிப் பார்த்து, “ஒரு மரத்துக்கும் சேதமில்லாம நிறுத்தியிருக்கீங்க, அதுவரைக்கும் சந்தோசமுங்க” என்றார்.

சி பிளாக்கில் ஐந்து வீடுகளில் வேலை பார்க்கும் மாராத்தாள் ஆறு மணிக்கு வழக்கமான இடத்துக்கு வந்திருக்கிறாள். பல் பிடுங்கின ஈறு மாதிரி தூண் இருந்த குழிகள் மட்டும் இருந்தன. நடைப்பயிற்சிக்குப் போனவர்களை நிறுத்தி, “ஏனுங்க, இந்தப்பக்கம் ஒரு பில்டிங் போச்சுங்களா?” என்று கேட்டு, அவர்கள் கைகாட்டிய திசையில் விசாரித்துக்கொண்டே நடந்து, ஏழரை மணிக்குத் தோப்புக்கு வந்து சேர்ந்தாள்.

“ஏனம்மிணி, போறப்ப ஒரு வார்த்தை சொல்லீட்டுப் போகக்கூடாதுங்களா?” என்றாள் சாந்தாமணியிடம், செருப்பைக் கழற்றிக்கொண்டே.

“எனக்கே தெரியாதுங்கக்கா.”

“அதுஞ் சரிதான்” என்று மாராத்தாள் பாத்திரத்தைத் தேய்க்க உட்கார்ந்தாள். மாடி வீட்டிலிருந்து, ஏன் இவ்வளவு தாமதம் என்று யாரோ கத்தினார்கள்.

மாலையில் சாந்தாமணி வந்த வழியே திரும்ப மிதித்தாள். பிளாக் குழிகளில் பொருந்தி நின்றது. அன்றே சி பிளாக் குடியிருப்போர் சங்கத்தின் அவசரக் கூட்டம் கூடியது. செயலாளர் வரதராஜுலு ஓய்வுபெற்ற கண்காணிப்புப் பொறியாளர், மூச்சு விடுவதைக்கூடத் தீர்மானம் போட்டுத்தான் விடுவார். யார் மிதித்தால் நகர்கிறது என்று சோதிக்க வேண்டும் என்றார். மௌலீஸ்வரன் இறுக்கமான உடுப்பு, கொக்கி ஷூ, நெஞ்சு பெல்ட் சகிதம் ஏறி நாற்பது நிமிடம் மிதித்தார். வேர்வை பாயைத் தாண்டி ஓடியது, பிளாக் அசையவில்லை. வரதராஜுலு மிதித்தார், வீட்டு மனை வியாபாரம் செய்யும் ஜோசப் மிதித்தார், ஜிம்முக்குப் போகிற இரண்டு பேர் மிதித்தார்கள். நகரவில்லை. சாந்தாமணியைக் கூப்பிட்டார்கள். அடுப்பை அணைத்துவிட்டு வந்து, புடவையைச் சொருகிக்கொண்டு இரண்டு சுற்றுச் சுற்றினாள். பிளாக் கேட் வரை போய் நின்றது.

நெடுநேரம் விவாதித்து அவர்கள் ஒரு முடிவுக்கு வந்தார்கள். எந்திரம் மௌலீஸ்வரனுடையது, ஆராய்ச்சி மௌலீஸ்வரனுடையது, தொழில்நுட்பம் பெடல்புரத்துடையது. மிதிப்பது மட்டுந்தான் சாந்தாமணி. ஆகவே எந்தச் சைக்கிளில், எந்தச் சக்கரத்தில், எந்தத் திசையில் என்பதை முடிவு செய்ய ஏழு பேர் கொண்ட வாகனத் தேர்வுக் குழு அமைக்கப்பட்டது. மௌலீஸ்வரன் அதன் தலைவர். சாந்தாமணி சிறப்பு அழைப்பாளர், சுண்டலும் டீயும் அவள் பொறுப்பு.

எட்டு மாதமாக யாரும் கேட்காத பட்டியலை மௌலீஸ்வரன் விரித்து வைத்துப் பேசப் பேச, குழு வாய் பிளந்து கேட்டது. சாந்தாமணி சேர்த்த துளிகளில் முதலில் பருந்து வாங்கப்பட்டது. திங்கள் முதல் வியாழன் வரை கிழக்கே, மென்பொருள் கம்பெனி வாசலுக்கு, சமதளத்தில் சர்ரென்று. குறுக்குக் காற்றடித்தால் ஆழச் சக்கரம் காற்றில் மாட்டி, பதினாறு சமையலறையிலும் மூடிகள் கடகடவென்று ஆடும். வெள்ளிக்கிழமை மருதமலை அடிவாரம். ஞாயிற்றுக்கிழமை மண் பாதைக்கான ‘செம்மண்’ சைக்கிளில் நொய்யலோரம், எல்லாரும் பால்கனியில் நாற்காலி போட்டு உட்கார்ந்தபடியே ஆற்றைப் பார்த்துவிட்டு வருவார்கள். திரைக்குள்ளிருக்கும் பெண்ணுக்கு ஊதாச் சட்டை எடுத்துக் கொடுத்த அன்று பிளாக் முழுக்க ஊதா நிறமானது. எந்த வண்ணம் அடிப்பது என்று சண்டை போட்டு இரண்டு வருடமாகப் பேசாமல் இருந்த இரண்டு குடும்பங்கள் அன்றுதான் பேசிக்கொண்டன, அதற்குள் யாரோ காலுறையை மாற்றிவிட கீழ்த்தளம் மட்டும் மஞ்சளானது.

ஏ பிளாக்காரர்களுக்கும் பி பிளாக்காரர்களுக்கும் பொறுக்கவில்லை. வீட்டுக்கு ஓர் எந்திரம் வாங்கினார்கள். முப்பது பால்கனிகளில் காலையும் மாலையும் சங்கிலிச் சத்தம் கேட்டது, இரண்டு பிளாக்கும் அடித்த ஆணியாக நின்றன. எந்தச் சக்கரம் போட்டால் நகரும் என்று மௌலீஸ்வரனிடம் ஆலோசனை கேட்க அவர்கள் வரிசையில் நின்றார்கள். அவருக்கு விசிட்டிங் கார்டு அடிக்க வேண்டியிருந்தது.

இந்த அமளியில் சாந்தாமணியின் நிசப்தம் எங்கே போனதென்று தெரியவில்லை. அவள் மிதிக்கும்போது குழு உறுப்பினர்கள் ஹாலில் பின்னால் நின்றார்கள். முன்னால் போகிறவருக்குப் பின்னால் ஒட்டிப் போனால் காற்றின் எதிர்ப்பு குறையும் என்று படித்திருந்தார்களாம். “மேடம், மிதி வேகத்தைக் கொஞ்சம் ஏத்துங்க” என்பார் ஒருவர். “இடுப்பை ஆட்டாதீங்கம்மா, நாலாவது மாடியில டீ கொட்டுது” என்பார் இன்னொருவர். ஃபேனைக் கூட அவர்கள் பக்கம் திருப்பிக்கொண்டார்கள். அவள் கெண்டைக்கால் இறுகிக் கல்லானது. தொழிற்சாலையில் ஒருநாள் ஓடும் கிரைண்டர்களுக்கு நடுவே நின்றவாக்கில் தூங்கிவிட்டாள். அவள் கோடு போடாமல் விட்ட ஒரு கிரைண்டர் வாங்கினவர் வீட்டில் மூன்றாம் நாள் நின்றுபோய் திரும்பி வந்தது. இருபது வருடத்தில் முதல் தடவை. யாரும் திட்டவில்லை, அதுதான் அவளுக்கு வலித்தது. அன்று சாயங்காலம் பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதாள்.

மாராத்தாள் தினமும் தேடி வந்தாள். பிளாக் கிழக்கே போயிருந்தால் கிழக்கே, மேற்கே போயிருந்தால் மேற்கே. சில நாள் அவள் வந்து சேரும்போது பிளாக் திரும்பக் கிளம்பிக்கொண்டிருக்கும், ஓடி வந்து படிக்கட்டில் தொற்றிக்கொள்வாள்.

ஐப்பசி மாதக் கூட்டத்தில் ஜோசப் எழுந்து நின்றார். தினமும் போய்வந்து கொண்டிருப்பதைவிட, ஒரேயடியாக ஆனைக்கட்டி மலைப்பக்கம் போய் நின்றுவிட்டால் என்ன என்று கேட்டார். குளிர்ந்த காற்று, ஜன்னலைத் திறந்தால் மேகம், வீட்டின் மதிப்பு நாலு மடங்கு. கைதட்டல் எழுந்தது. மௌலீஸ்வரன் கண்கலங்கினார். ஏற்றத்துக்கென்றே பிறந்த ‘வரையாடு’ சைக்கிளை, இருப்பதிலேயே எடை குறைந்த அதை, அவர் முதல் மாதத்திலிருந்தே மனதுக்குள் வைத்திருந்தார். அதை வாங்க அறுபதாயிரம் துளி வேண்டும். ஆறு வாரம் கூடுதலாக மிதித்தால் சேர்ந்துவிடும்.

“மாராத்தாக்கா எப்படி வருவாங்க?” என்று கேட்டாள் சாந்தாமணி, டீத் தட்டோடு நின்றபடி.

“லொகேஷன் அனுப்பிட்டாப் போச்சு” என்றார் வரதராஜுலு.

“அவங்ககிட்ட பட்டன் போனுதாங்க.”

“அங்கயே யாராவது கிடைப்பாங்கம்மா.”

‘பணிப்பெண் தொடர்பான விவகாரம் பரிசீலிக்கப்பட்டது’ என்று குறிப்பேட்டில் எழுதினார்கள்.

மறுநாள் மாராத்தாளிடம் சாந்தாமணியே சொன்னாள். மாராத்தாள் குக்கரின் அடியைத் தேய்த்துக்கொண்டே கேட்டாள். “மலைக்குங்களா? யாரு முடிவு பண்ணுனது?”

“கமிட்டிங்க.”

“மிதிக்கறது?”

“நாந்தான்.”

மாராத்தாள் தேய்ப்பதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். பிறகு குக்கரைக் கழுவிக் கவிழ்த்தாள்.

ஆனாலும் சாந்தாமணி மிதித்தாள். வீட்டுக்காரர் அவ்வளவு சந்தோஷமாக இருந்து அவள் பார்த்ததில்லை என்பது ஒரு காரணம். அவளுக்கும் மேகத்தைக் கிட்டத்தில் பார்க்க வேண்டும் என்று கொஞ்சம் ஆசை இருந்தது என்பது இன்னொரு காரணம், அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

புறப்படும் முன் எடை குறைப்புச் சுற்றறிக்கை வந்தது. திரைக்குள் இருக்கும் சைக்கிளில் முன்னூறு கிராம் குறைக்க அறுபதாயிரம் துளி செலவழித்திருக்கிறோம், ஆகவே ஒவ்வொரு வீட்டாரும் தங்கள் கடமையைச் செய்ய வேண்டும் என்று வரதராஜுலு எழுதியிருந்தார். அலசி ஆராய்ந்ததில், ஒவ்வொரு வீட்டிலும் தேவையற்ற பெரும் பாரம் கிரைண்டர்தான் என்று கண்டார்கள். பதினாறு கிரைண்டர்களை இறக்கி ரோட்டோரமாக வரிசையில் வைத்தார்கள். அவற்றில் ஒன்பது சாந்தாமணி சோதித்து அனுப்பியவை. ஜோசப் வீட்டு உடற்பயிற்சிக் குண்டுகளும், வரதராஜுலுவின் இரும்புப் பீரோவும், குழு உறுப்பினர்களின் வயிறுகளும் அப்படியே ஏறிக்கொண்டன.

இருபத்திரண்டு கிலோமீட்டர். தடாகம் வரை சுலபம். மாங்கரை தாண்டியதும் பிளாக் மூக்கைத் தூக்கிக்கொண்டது, வளைவுக்கு வளைவு தண்ணீர்த் தொட்டி சளப்சளப்பென்று ஆடியது. சாந்தாமணிக்கு மூச்சு வாங்கியது, கண் இருட்டியது. பின்னால் நின்ற ஏழு பேரும் “இன்னும் கொஞ்சந்தான், இன்னும் கொஞ்சந்தான்” என்று பஜனை மாதிரிச் சொல்லிக்கொண்டே வந்தார்கள். மதியத்துக்கு முன்னால் மலைச்சரிவில் ஒரு புல்வெளியில் பிளாக் போய் உட்கார்ந்தது. மேகம் ஒரு ஜன்னல் வழியாக வந்து டிவியைச் சுற்றிவிட்டு இன்னொரு ஜன்னல் வழியாகப் போனது. எல்லாரும் அதைப் படம் எடுத்து ஏ பிளாக்குக்கு அனுப்பினார்கள்.

நான்கு நாள் ஆனந்தமாகப் போனது. ஐந்தாம் நாள் இழுபட்டு இழுபட்டு நூலாகிப் போன குழாயில் தண்ணீர் சொட்டாகத்தான் வந்தது. இட்லி மாவு தீர்ந்தது, அரைக்க ஒரு கிரைண்டர்கூட இல்லை. பாத்திரங்கள் குவிந்தன, மலையில் ‘யாராவது’ கிடைக்கவில்லை. காலையில் யானைகள் வந்து தூணில் முதுகு தேய்த்தன, வீட்டுக்கு வீடு கண்ணாடி அலமாரி குலுங்கியது. ஒரு யானை முதல் மாடி ஜன்னலுக்குள் துதிக்கையை விட்டு வரதராஜுலு வீட்டுக் கருப்பட்டியை எடுத்துக்கொண்டு போனது. காக்கிச் சட்டைக்காரர் ஒருவர் வந்து ‘வனப்பகுதியில் அத்துமீறி நுழைந்த கட்டடம், ஒன்று’ என்று நோட்டீஸ் ஒட்டிவிட்டு, ஊதாவும் மஞ்சளும் நல்ல சேர்க்கை என்று பாராட்டிவிட்டுப் போனார்.

குழு கூடியது. ஆபீசும் பள்ளிக்கூடமும் கீழே, காற்றும் காட்சியும் மேலே. இரண்டையும் விடக்கூடாது என்று ஒருமனதாக முடிவானது. காலை ஏழு மணிக்கு இறங்கிவிட்டு, மாலை ஆறு மணிக்கு ஏறினால் எல்லாம் சரியாகிவிடும். இருபத்திரண்டு கிலோமீட்டர் இறக்கம், இருபத்திரண்டு கிலோமீட்டர் ஏற்றம், ஞாயிறு விடுமுறை. ஏற்றத்துக்கு வரையாடு, இறக்கத்துக்குப் பருந்து. அழகாகக் கட்டம் போட்டு அச்சடித்து, சாந்தாமணி வீட்டு ஃபிரிட்ஜில் காந்தம் வைத்து ஒட்டினார்கள்.

சாந்தாமணி அதை நிதானமாகப் படித்தாள். பையிலிருந்து சாக்பீசை எடுத்து அதன் குறுக்கே ஒரு கோடு போட்டாள். பிறகு கட்டிலில் போய் உட்கார்ந்தாள்.

“நா மிதிக்கலீங்க” என்றாள்.

முதல் நாள் அவளுக்கு உடம்பு சரியில்லை என்று நினைத்தார்கள். இரண்டாம் நாள் அவளுக்குப் பாராட்டு விழா நடத்தலாமா என்று யோசித்தார்கள். மூன்றாம் நாள் ஏழு பேரும் உடுப்பு மாட்டிக்கொண்டு முறைவைத்து மிதித்தார்கள். இன்னும் எடை குறைந்த சக்கரம் போட்டால் நகரும் என்று ஒருவர் சொல்ல, இருந்த துளியெல்லாம் கொடுத்து அதையும் வாங்கிப் பார்த்தார்கள். பிளாக் புல் மேயும் மாடு மாதிரி நின்றது.

மற்றவர்கள் போன பிறகும் மௌலீஸ்வரன் மிதித்துக்கொண்டே இருந்தார். அந்தச் சாயங்காலம் அவர் இறங்கி வந்து அவளருகே தரையில் உட்கார்ந்தபோது கால்கள் தானாக நடுங்கிக்கொண்டிருந்தன.

“எட்டு மாசம் பாத்துப் பாத்துச் செஞ்சேன். எனக்கு ஏன் நகர மாட்டேங்குது, சாந்தா?”

அவள் அவர் காலை எடுத்து மடியில் வைத்துத் தைலம் தேய்த்தாள். “மிதிக்கறப்ப எங்க போகோணும்னு நெனப்பீங்க?”

அவர் யோசித்தார். பொய் சொல்லும் பலம் உடம்பில் இல்லை. “எங்கயும் இல்ல. அந்தப் பதினோரு செகண்டத்தான் நெனப்பேன்.”

“நா மொத நாளு உக்காந்தப்ப, எங்கியாச்சும் போயிரோணும்னு இருந்துச்சுங்க.”

“எங்க?”

“அதைக் கேட்டிருந்தாச் சொல்லியிருப்பேன். இப்ப மறந்துபோச்சு.”

மௌலீஸ்வரன் எழுந்து நொண்டிக்கொண்டே போய், ஃபிரிட்ஜிலிருந்த தாளைக் கிழித்தார்.

மறுநாள் காலை பதினாறு வீட்டாரும் படிக்கட்டில் நின்றார்கள், குளிக்காத முகங்களோடு. சாந்தாமணி வெளியே வந்தாள்.

“சைக்கிள நான் எடுப்பேன். நேரத்த நான் சொல்லுவேன். எங்க நிக்கோணுங்கறதும் நாந்தான்.”

“தீர்மானமா எழுதிடலாம்மா” என்று வரதராஜுலு பேனாவைத் திறந்தார்.

“எழுத வேண்டாங்க. எல்லாரும் அவங்கவங்க ஊட்டுக்குப் போயிக் கதவச் சாத்திக்குங்க. எம்பின்னால யாரும் நிக்கப்படாது.”

பால்கனிக்குப் போய் கொட்டகையைத் திறந்தாள். வரையாடு, பருந்து, செம்மண் எல்லாம் பளபளவென்று நின்றன. எல்லாவற்றையும் தாண்டிப் போய், இனாமாகக் கொடுத்த கறுப்புச் சைக்கிளை எடுத்தாள். கதவிடுக்கில் மௌலீஸ்வரன் தலை நீட்டினார். “அது வெயிட்டு ஜாஸ்தி, சாந்தா.” பிறகு அவரே, “சரி, உன்னிஷ்டம்” என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டார்.

இறக்கத்தில் மிதிக்க வேண்டியதே இல்லை. பிளாக் தானாக வழுக்கிக்கொண்டு வந்தது, வளைவுகளில் மெல்லச் சாய்ந்து, காட்டு வாசனையை ஜன்னல்களில் வாங்கிக்கொண்டு. சாந்தாமணி கைப்பிடியை விட்டுவிட்டு முந்தானையால் முகம் துடைத்தாள். யாரும் எதுவும் கேட்கவில்லை. அவளுக்குச் சிரிப்பு வந்தது, சத்தமாகவே சிரித்தாள். பதினாறு வீட்டிலும் அந்தச் சிரிப்பு கேட்டது, யாரும் கதவைத் திறக்கத் துணியவில்லை.

வடவள்ளியில் அவர்கள் இடத்தில் குழிகள் இல்லை. ஏ பிளாக்கும் பி பிளாக்கும் சேர்ந்து அங்கே பச்சை வண்ணம் பூசி, வலை கட்டி, ஷட்டில் கோர்ட் போட்டிருந்தார்கள். ஏ பிளாக் செயலாளர் மட்டையும் கையுமாக வந்து, “சி பிளாக்னு ஒண்ணு இருந்ததுக்கு எங்க ஃபைல்ல ஆதாரம் எதுவும் இல்லீங்களே” என்றார். வரதராஜுலு மேல்மாடியிலிருந்து, கீழ்மாடியிலிருந்து, பிறகு ரோட்டிலிருந்து வாதாடினார். தன்னைப் போலவே ஃபைல் வைத்துச் சங்கம் நடத்தத் தெரிந்த ஆட்களிடம் தோற்பது அவருக்குப் புதிது.

கூட்டத்தின் ஓரத்தில் மாராத்தாள் நின்றிருந்தாள், கையில் மாவு ஒட்டிய தூக்குப்பாத்திரத்தோடு.

“உங்க கிரைண்டரெல்லாம் பத்திரமா இருக்குதுங்கம்மிணி” என்றாள். “மழைல நனையுதுன்னு எங்க லைன் ஊடுகளுக்குத் தூக்கீட்டுப் போயிட்டோம். சும்மா வெச்சா பேரிங் துருப்புடிச்சுப் போகுமுங்களே, அதுனால ஓட்டிக்கிட்டிருக்கறோம். இந்த ரெண்டு பிளாக்குக்கும் இப்ப நாங்கதான் மாவு.”

“நாலு ஊரு சுத்தி வந்து, நிக்க எடமில்லீங்கக்கா. எங்க நிறுத்தட்டும்?” என்றாள் சாந்தாமணி.

மாராத்தாள் யோசித்தாள். “எங்க லைன் ஊட்டுக்கு எதுத்தாப்புல புறம்போக்கு கெடக்குது. ஆனா நானொருத்தி சொன்னாப் பத்தாது. கேட்டுச் சொல்றேன்.”

பதினேழு ஓட்டு வீடுகள் உள்ள அந்த லைனில் கூட்டம் போட்டார்கள். பதினாறு குடும்பங்கள் ஒரே நாளில் வந்து இறங்கினால் தண்ணீருக்கு என்ன செய்வது, இவர்கள் எப்படிப்பட்ட ஆட்கள், சத்தம் போடுவார்களா, இன்னொரு நாள் சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பிப் போவார்களா என்றெல்லாம் பேசி, சாயங்காலம் ஒருவழியாகச் சம்மதித்தார்கள். சி பிளாக் அரை கிலோமீட்டர் நகர்ந்து புறம்போக்கில் நின்றது. மறுநாள் காலை அடிகுழாயில் வரதராஜுலு குடத்தோடு நேராக முன்னால் போனபோது, “சார், வரிசைல வாங்க” என்று ஒரு பெண் சொன்னாள். அவர் திரும்பிப் போய் பதினெட்டாவதாக நின்றார்.

மாராத்தாளுக்கு இப்போது வேலைக்கு வர முப்பது அடி. அன்று பாத்திரம் கழுவி முடித்ததும் கையைத் துடைத்துக்கொண்டு பால்கனிக்கு வந்தாள். சாந்தாமணி இரண்டு பேருக்கும் டீ கொண்டு வந்திருந்தாள்.

“இதுலதான் உக்காருவீங்களா? நான் ஒருக்கா உக்காந்து பாக்கட்டுங்களா?”

“உக்காருங்கக்கா.”

மாராத்தாள் சேலையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு ஏறினாள். முதல் மிதி கனத்தது, இரண்டாவது மிதி உருண்டது. ஐந்தாறு சுற்றுச் சுற்றினாள். சி பிளாக் அசையவில்லை. “எனக்கு வராதாட்டிருக்குதுங்க” என்று அவள் சொல்லி வாய் மூடவில்லை, கீழே கோழிகள் கத்தின, குடங்கள் உருண்டன, யாரோ “ஆத்தா!” என்று கூவினார்கள். இரண்டு பெண்களும் எட்டிப் பார்த்தார்கள். எதிரே பதினேழு ஓட்டு வீடுகளும், ஓடுகிற கிரைண்டர்களோடும் காய்கிற துணிகளோடும், ஒரு முழம் கிழக்கே நகர்ந்து நின்றிருந்தன.

எதிர்வீட்டுப் பெண் ஒருத்தி அண்ணாந்து, “மாராத்தாக்கா, நீங்களா? எங்க போறமுங்க?” என்று கேட்டாள். வேறு ஆட்களும் வெளியே வந்து அண்ணாந்து நின்றார்கள்.

சாந்தாமணி திரையை மாராத்தாள் பக்கம் திருப்பி, கொட்டகையைத் திறந்து காட்டினாள். “எல்லாம் வாங்கி வெச்சதுதானுங்க. எது வேணுமோ பாருங்க. மேட்டுக்கு இது, சமதளத்துக்கு இது, மண் ரோட்டுக்கு இது.”

மாராத்தாள் சீட்டிலிருந்து இறங்காமலே டீயை வாங்கிக்கொண்டாள். ஜவுளிக்கடையில் சேலை பார்ப்பதுபோல ஒவ்வொரு சைக்கிளாகத் தள்ளித் தள்ளிப் பார்த்தாள், பிடித்ததைத் திரும்பக் கொண்டுவரச் சொன்னாள், வேறு நிறத்தில் இருக்கிறதா என்று கேட்டாள். கீழே நிற்பவர்கள் பொறுமையிழந்து மறுபடியும் குரல் கொடுத்தார்கள்.

“இருங்க கண்ணுகளா” என்றாள் மாராத்தாள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். “நல்லாப் பாத்துத்தான் எடுக்கோணும். எனக்கொண்ணும் அவசரமில்ல.”